மலையிலேயே தங்கிவிட்டவை

இத்தாலியின் ஊர்பினோ அரண்மனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே மாடிக்கு ஏறிவிடுவார்கள், ஓவியங்கள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. நான் முதலில் கீழே இறங்கினேன். அடித்தளத்தில் செங்கல் வளைவுகளோடு பெரிய பெரிய கூடங்கள்: குதிரை லாயம், சமையலறை, துணி துவைக்கிற இடம், சாயம் போடுகிற இடம், குளியலறை. அவற்றோடு சேர்ந்து ஆழமான ஒரு பனிக்கிடங்கு. குளிர்காலத்தில் மேலே தோட்டத்தில் குவியும் பனியை ஒரு திறப்பு வழியாக இதற்குள் தள்ளி, இறுக்கி அடைத்து, கோடை வரைக்கும் வைத்திருந்தார்களாம். இறைச்சி கெடாமல் இருக்க வேண்டும், பானம் குளிர வேண்டும். 550 வருடத்துக்கு முன்னால் இதை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். எத்தனை பேர் அந்தக் குளிரில் மண்வாரியோடு நின்றிருப்பார்கள் என்று நினைத்தபடி நானும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வேலை நிமித்தமாக ஒரு வருடம் பொலோன்யாவில் இருந்தேன். வார இறுதிகளில் எங்காவது கிளம்பிவிடுவேன். எல்லாரும் வெனிஸ், ஃபுளோரன்ஸ் என்று போக, என்னை இழுத்தது இந்த மலைநாடு. இன்றுகூட ஊர்பினோவுக்கு ரயில் கிடையாது. கடற்கரையோரம் பெசாரோவில் இறங்கி, பஸ் பிடித்து, வளைந்து வளைந்து ஏற வேண்டும். வழியெல்லாம் மேடும் பள்ளமும், துண்டு துண்டாக வயல், அப்புறம் காடு. துறைமுகம் இல்லை, பெரிய சந்தை நகரம் எதுவும் இல்லை. இப்படி ஒரு இடத்தில் இத்தாலியே வாய் பிளந்து பார்த்த அரண்மனையைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? கட்டிய குடும்பம் பட்டுப்போய் 500 வருடம் ஆன பிறகு அந்த மலையில் என்ன மிஞ்சியிருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளும் அந்தக் கிடங்கிலிருந்து மேலே ஏறும்போதே என்னோடு ஒட்டிக்கொண்டன, அதற்குப் பிறகு மூன்று முறை போய் வந்தும் விடவில்லை.

குடும்பத்தின் பெயர் மோன்டெஃபெல்ட்ரோ. அது முதலில் ஒரு மலையின் பெயர். ரிமினியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மரேக்கியா ஆற்றோடு போனால், சமவெளி முடிந்து குன்றுகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஒற்றைப் பாறை திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கும். ரோமானியர் காலத்தில் அதன் உச்சியில் ஜூபிடர் ஃபெரெட்ரியஸ் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருந்தது, அதனால் அது ஃபெரெட்ரஸ் மலை, அதுவே மருவி மோன்டெஃபெல்ட்ரோ. இன்றைக்கு அந்தப் பாறை ஊரின் பெயர் சான் லியோ. 12ஆம் நூற்றாண்டில் பக்கத்து கார்பேன்யா மலையின் பிரபுக் குடும்பத்திலிருந்து ஒரு பங்காளிக் கிளை பிரிந்து வந்து, இந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டு, அதன் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அடுத்த நூற்றாண்டில் தெற்கே ஊர்பினோ நகரமும் அவர்கள் கைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, வருடக்கணக்கில் எதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் பணிந்தார்கள்.

சான் லியோவுக்கு என் அலுவலக நண்பர் ஒருவர் காரில் அழைத்துப் போனார். அவர் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். பாறையைக் குடைந்து போட்ட ஒரே ஒரு சாலை, முடிவில் ஒரு வாசல். அவ்வளவுதான் வழி. மற்ற எல்லாப் பக்கமும் செங்குத்துச் சரிவு. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில், இறந்தவர்கள் பாவம் கழுவுகிற தூய்மையுலகத்து மலையேற்றம் எவ்வளவு கடினம் என்று காட்ட எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று சான் லியோ: அங்கேயாவது காலால் ஏறிவிடலாம், இங்கே சிறகு வேண்டும் என்கிறார். வாசலில் நின்று கீழே எட்டிப் பார்த்தபோது அவர் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை என்று பட்டது.

இதே ஊரில்தான் 1213ஆம் ஆண்டு மே மாதம், மோன்டெஃபெல்ட்ரோ குடும்பத்தில் ஒருவருக்கு வீரப்பட்டம் கட்டும் விழாவுக்கு நடுவே, அழைக்காமலே ஒரு துறவி வந்து ஒரு மரத்தடியில் நின்று பேசினார். அசிசியின் பிரான்சிஸ். கேட்டு நெகிழ்ந்துபோன விருந்தாளிப் பிரபு ஒருவர், தனக்குச் சொந்தமான லா வெர்னா மலையை அவருக்குக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடம் கழித்து அந்த மலையில்தான் பிரான்சிஸின் உடம்பில் ஐந்து காயங்கள் தோன்றியதாக கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். இருவரும் பேசிய அறை என்று இன்னும் ஒரு அறையைக் காட்டுகிறார்கள். கையளவு ஊர், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இப்படி ஏதோ ஒன்று.

ஆரம்பகால மோன்டெஃபெல்ட்ரோக்களில் இரண்டு பேரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒருவர் குயிதோ. அந்தக் காலத்தில் பெரிய படைத்தலைவர், தந்திரத்துக்குப் பேர்போனவர். வயதான பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1296இல் பிரான்சிஸ்கன் துறவியானார். ஆனால் தாந்தே அவரை நரகத்தில் வைத்தார். துறவியான பிறகும் போப்புக்கு வஞ்சகமாக ஒரு யோசனை சொன்னார், பாவமன்னிப்பை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பாவம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. இன்னொருவர் அவர் மகன் புவோன்கோன்தே. 1289இல் காம்பல்தீனோ போரில் இறந்தார், உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் போரில் எதிரணியில் தாந்தேயே இருந்தார். அப்படியும் இவருக்கு மீட்பு கொடுத்தார்: தொண்டையில் வெட்டுப்பட்டு, நடந்தே ஆற்றங்கரை வரை வந்து, மரியாளின் பெயரைச் சொல்லி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டான், அது போதும் என்று. கோபமடைந்த சாத்தான் மழையைக் கிளப்பி உடலை ஆற்றோடு அடித்துப் போனானாம். அப்பனுக்கு நரகம், பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீரில் மீட்பு. அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தங்களைப் பற்றி யார் என்ன எழுதிவைக்கிறார்கள் என்பது எவ்வளவு காலம் நிற்கும் என்பதை இந்தக் குடும்பம் பிறகு மறக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அரண்மனையைக் கட்டிய ஃபெடெரிகோவுக்கு வருவோம்.

1422இல் குப்பியோ பக்கத்தில் பிறந்தவர், முறையான மனைவிக்குப் பிறந்த பிள்ளை இல்லை. பதினோரு வயதில் வெனிஸுக்குப் பிணையாக அனுப்பினார்கள். அங்கிருந்து மாந்துவா. மாந்துவாவில் வித்தோரினோ தா ஃபெல்த்ரே என்ற ஆசிரியர் நடத்திய பள்ளி அவர் வாழ்க்கையை மாற்றியது. பிரபுக்களின் பிள்ளைகளும், சம்பளம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். லத்தீன், கணிதம், இசை, குதிரையேற்றம் எல்லாம். பிற்காலத்தில் தன் படிப்பறையில் பிளாட்டோ, அரிஸ்டாட்டில், மோசே வரிசையில் இந்த ஆசிரியரின் படத்தையும் ஃபெடெரிகோ மாட்டிவைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1441இல், 19 வயதில், அவருடைய ஆட்கள் இரவோடு இரவாகச் சான் லியோ பாறையில் ஏறி, ரிமினியின் மலத்தெஸ்தாக்களிடமிருந்து கோட்டையைப் பறித்தார்கள். அந்தப் பாறையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன், பகலிலேயே வயிற்றைக் கலக்கியது. மூன்று வருடம் கழித்து, 1444 ஜூலையில், ஊர்பினோவின் முதல் டியூக்காக இருந்த அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி ஒத்தந்தோனியோவை ஊர்க்காரர்களே கொன்றுபோட்டார்கள். 17 வயதுப் பையன். ஃபெடெரிகோ உடனே ஊர் வாசலுக்கு வந்து நின்றார். கொலை செய்தவர்களைத் தண்டிக்க மாட்டேன், வரியைக் குறைப்பேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். கொலையில் அவருக்குப் பங்கு உண்டா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது, இன்றும் தீரவில்லை. ஆனால் 38 வருட ஆட்சி ஊராரோடு செய்த ஒப்பந்தத்தில் தொடங்கியது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து இத்தாலியில் மிலன், ஃபுளோரன்ஸ், வெனிஸ், நேப்பிள்ஸ், போப் எல்லாருக்கும் ஒருவரோடு ஒருவர் தீராச் சண்டை, ஆனால் சொந்தப் படை போதாது. படையை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு ‘கொந்தோத்தா’ என்று பெயர், அதை ஏற்றுப் படையோடு வருகிற தலைவர் ‘கொந்தோத்தியேரே’. போர்க்காலத்துக்கு ஒரு தொகை, சமாதான காலத்துக்கு ஒரு தொகை. சண்டையே இல்லாதபோது எதற்குப் பணம் என்றால், எதிரியிடம் போய்விடக் கூடாதே, அதற்கு. ஃபெடெரிகோ இதில் எல்லாரையும் மிஞ்சியவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று பெயர் வாங்கியதால் அவருடைய விலை ஏறிக்கொண்டே போனது. படைவீரர்களாகப் போனவர்களில் பெரும் பகுதி இந்த மலைக் கிராமத்துப் பையன்கள். விளைச்சல் குறைந்த மண், வலுவான உடம்பு, வேறு வேலை இல்லை. மலையிடம் விற்க இருந்தது ஆள்பலம்தான். டியூக் அதைச் சமவெளிக்கு விற்றார், வந்த பொன்னை மலைக்குக் கொண்டுவந்தார். உள்ளூர் வரியை ஏற்றாமலே அரண்மனை கட்ட முடிந்தது இதனால்தான். கட்டட வேலையால் கல்தச்சர், கொத்தனார், தச்சர், வண்டிக்காரர் என்று ஊர் முழுக்கக் காசு புழங்கியது. அவர் காவல் இல்லாமல் தெருவில் நடந்து போவார், கடைக்குள் நுழைந்து வியாபாரம் எப்படி என்று கேட்பார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மக்கள் அவரை விரும்பினார்கள் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் சமவெளிக்காரர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1472இல் படிகார எடுப்புத் தகராறில் ஃபுளோரன்ஸ் அவரை வோல்தெர்ரா என்ற ஊரின் மேல் ஏவியது. ஊர் சரணடைந்தது, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு. அப்படியும் படை உள்ளே புகுந்து சூறையாடியது. அங்கிருந்து எபிரேய ஏட்டுப் பிரதிகள் அவருடைய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. படைகள் கட்டுமீறிவிட்டன என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை, படைத்தலைவன் பேரில்தான் அந்தப் பழி. இன்னொன்றும் உண்டு. 1478இல் ஃபுளோரன்ஸ் தேவாலயத்துக்குள் அந்நகரத்தை ஆட்டிவைத்த மெடிச்சி சகோதரர்களைக் குத்திக் கொல்ல நடந்த பாட்ஸி சதியில் தம்பி ஜூலியானோ இறந்தார், அண்ணன் லொரென்சோ தப்பினார். அந்தச் சதியில் ஃபெடெரிகோவும் உடந்தை, 600 வீரர்களை அனுப்பத் தயாராக இருந்தார் என்பது 2001இல்தான் தெரிந்தது. ஊர்பினோவில் ஒரு குடும்பத்தின் காகிதங்களுக்குள் கிடந்த சங்கேதக் கடிதத்தை ஒரு வரலாற்றாசிரியர் படித்துக் காட்டினார். வாக்கு மாறாதவர் என்ற பெயருக்கு 523 வருடம் கழித்து விழுந்த கறை அது.

அவருடைய முகம் உலகத்துக்கே தெரியும். சிவப்புத் தொப்பி, இடது பக்கமாகத் திரும்பிய முகம், வளைந்த மூக்கின் மேல்பகுதியில் வெட்டியெடுத்ததுபோல ஒரு பள்ளம். 1450இல் ஒரு ஈட்டிப் பந்தயத்தில் வலக்கண் போனது, அதனால் எல்லாப் படத்திலும் இடப்பக்கம்தான். மிஞ்சிய கண்ணுக்குப் பார்வை மறைக்கக் கூடாது என்று மூக்குத்தண்டை அவரே செதுக்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த அந்தப் படத்துக்கு ஜோடியாக எதிரே மனைவி பத்திஸ்தா ஸ்ஃபோர்ஸாவின் முகம். வெளிறிப்போன முகம். பத்திஸ்தா கெட்டிக்காரப் பெண், லத்தீனில் சொற்பொழிவாற்றுவார், கணவர் படையெடுத்துப் போகும்போதெல்லாம் நாட்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான். வரிசையாகப் பெண்பிள்ளைகளுக்குப் பிறகு 1472 ஜனவரியில் ஆண்பிள்ளை குயிதோபால்தோ பிறந்தான். ஆறு மாதத்தில் அவர் இறந்துபோனார், வயது 26. வோல்தெர்ரா வெற்றிக்கு ஃபுளோரன்ஸில் பாராட்டு வாங்கிக்கொண்டு திரும்பியவருக்கு அதற்கடுத்த மாதமே மனைவியின் சாவு. அவர் அப்புறம் மணம் செய்துகொள்ளவில்லை. படத்தில் இரண்டு முகங்களுக்கும் பின்னால் விரிந்திருப்பது ஒரே நிலக்காட்சி: குன்றுகள், மூடுபனி, ஒரு ஏரி. அந்தக் குன்றுகள் இந்த மலைநாட்டில்தான் இருக்கின்றன, இன்ன இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று சிலர் தேடி அடையாளம் காட்டி, பார்வை மேடைகள்கூடப் போட்டிருக்கிறார்கள். எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. நான் ஒரு மேடையில் போய் நின்று பார்த்தேன். குன்று குன்றாகப் போய் நீலத்தில் கரைகிற விதம், அது மட்டும் அப்படியே படத்தில் இருப்பதுதான்.

இனி அரண்மனை. 1468இல் ஃபெடெரிகோ ஒரு ஆணை எழுதினார். சிற்பிகளுக்கும் கட்டடக்கலைஞர்களுக்கும் ஊற்றான தோஸ்கானாவிலேயே தேடியும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை, இப்போது லூச்சானோ லவ்ரானா கிடைத்திருக்கிறார், அவர் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். லவ்ரானா கடலுக்கு அப்பால் தல்மாத்தியாக்காரர். முற்றத்துத் தூண்வரிசையை அவர் கணக்கோடு அமைத்திருப்பதை உள்ளே நுழைந்ததும் உடம்பே உணரும், மூச்சு நிதானமாகிவிடும். சுற்றிலும் இரண்டு அடுக்காகப் பெரிய லத்தீன் எழுத்துகளில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது: ஆறு முறை நேர்நின்று போரிட்டார், எட்டு முறை பகைவரை விரட்டினார், எல்லாப் போரிலும் வென்றார், அமைதிக் காலத்தில் நீதி, கருணை, கொடை, பக்தியால் வெற்றிகளுக்கு அழகு சேர்த்தார் என்று.

எனக்கு அதைவிடப் பிடித்தது சின்ன எழுத்துகள். கதவுநிலை, சன்னல், கணப்படுப்பு என்று கண்ட இடமெல்லாம் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சில இடத்தில் ‘பிரபு ஃபெடெரிகோ’ என்பதன் சுருக்கம், சில இடத்தில் ‘டியூக் ஃபெடெரிகோ’. 1474இல்தான் போப் அவருக்கு டியூக் பட்டம் கொடுத்தார். ஆக, எந்த அறை அதற்கு முந்தியது, எது பிந்தியது என்று அந்த எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் இதையே தேடிக்கொண்டு அலைந்தேன். காவலுக்கு இருந்த அம்மா என் பின்னாலேயே வந்து, நான் விட்டுவிட்ட ஒன்றை விரல் நீட்டிக் காட்டினார்.

படிப்பறை மிகச் சிறியது. ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர். ஆளுயரத்துக்கும் மேலே வரை சுவர் முழுக்க மரம் இழைத்திருக்கிறார்கள். பல நிற மரத் துண்டுகளை வெட்டிப் பொருத்தி உண்டாக்கிய படங்கள், ஒரு சொட்டு வண்ணம்கூட இல்லை. பாதி திறந்த அலமாரிக் கதவு, உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள், வானியல் கருவிகள். திறந்த கதவின் கம்பிச் சட்டம் பின்சுவரில் நிழல் போடுகிறது. நிழலும் மரம்தான். கைநீட்டிக் கதவை மூட வேண்டும் போலிருக்கும். ஒரு பக்கம் தூண்களுக்கு நடுவே பழக்கூடை, அதன் பக்கத்தில் கொட்டையைக் கடிக்கிற ஒரு அணில், பின்னால் மலையும் ஆறும். இன்னொரு பக்கம் கழற்றிவைத்த கவசம், வாள், கதாயுதம். ஒரு பலகையில் ஃபெடெரிகோவே நிற்கிறார், போர்வீரனாக இல்லை, அறிஞர் அங்கியில், கையிலிருக்கிற ஈட்டியின் முனை தரையைப் பார்த்தபடி. கொல்வதைத் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர், ஆயுதத்தைக் கீழே வைத்த தன் உருவத்தை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசை உண்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியே இரண்டு ஒல்லியான கோபுரங்களுக்கு நடுவே ஒரு மாடம், அங்கே போய் நின்றால் மேற்கே மலைத்தொடர் முழுக்கக் கண்ணில் விழும்.

நூலகத்தில் ஏறத்தாழ 900 கையெழுத்து நூல்கள் இருந்தன, லத்தீன், கிரேக்கம், எபிரேயம். அச்சு வந்துவிட்ட காலத்தில் எழுத்தர்களை வைத்துத் தோலில் எழுதவைத்துச் சேர்த்தவை. அரண்மனையில் ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள், யார் என்ன வேலை, எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குக் கையேடு இருந்தது.

லவ்ரானாவுக்குப் பிறகு வந்தவர் சியேனாக்காரரான பிரான்செஸ்கோ தி ஜியோர்ஜியோ மார்த்தினி. டியூக் தன்னிடம் 136 கட்டட வேலைகளை ஒப்படைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பீரங்கி வந்துவிட்ட காலம், பழைய உயரமான மதில்கள் ஒரே அடியில் சரியும். அதனால் அவர் தடித்த, உருண்டையான, தாழ்ந்த கோட்டைகளைக் கட்டினார். குண்டு பட்டால் வழுக்கிப் போக வேண்டும். சான் லியோவின் உச்சியில் பாறையோடு பாறையாக நிற்கிற இரண்டு உருண்டைக் கொத்தளங்கள் அவருடையவை. ஊர்பினோவில் என் பஸ் வந்து நின்ற மைதானத்திலிருந்து ஊருக்குள் ஏற அவர் கட்டிய சுழல்பாதை இருக்கிறது, குதிரையில் ஏறியபடியே போகலாம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அதில்தான் நடந்து ஏறினேன். அந்தச் சுழலின் ஓட்டத்தில் கால் வலி தெரியாது.

இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் பாருங்கள். பக்கத்து ஃபெர்மின்யானோ ஊர்ப்பக்கம் 1444இல் பிறந்தவர் கட்டடக்கலைஞர் பிரமாந்தே. ஊர்பினோ சரிவில் ஒரு தெருவில் 1483இல் பிறந்தவர் ரஃபேல். அவருடைய அப்பா ஜொவான்னி சாந்தி அரண்மனைக்குப் படம் போட்டவர், ஃபெடெரிகோவின் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதியவர். ரஃபேலின் வீட்டு முற்றத்தில் வண்ணம் அரைத்த கல் இன்னும் கிடக்கிறது, நம் வீட்டு அம்மியைப் போலத் தேய்ந்து. ரோமில் புதிய பேதுரு பேராலயத்தை 1506இல் தொடங்கியவர் பிரமாந்தே, அவர் இறந்ததும் பொறுப்பேற்றவர் ரஃபேல். கிறிஸ்தவ உலகத்தின் மிகப்பெரிய கோயில் அடுத்தடுத்து இந்த ஒரே மலைநாட்டுக்காரர் இரண்டு பேர் கையில்.

1482 செப்டம்பரில் ஃபெராரா போரில் சதுப்புநிலக் காய்ச்சல் கண்டு ஃபெடெரிகோ இறந்தார். மகன் குயிதோபால்தோவுக்குப் பத்து வயது. நல்ல படிப்பாளியாக வளர்ந்தார், ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, இளம் வயதிலேயே மூட்டுவாதம் முடக்கிவிட்டது, பிள்ளையும் இல்லை. 1502இல் போப்பின் மகன் செசாரே போர்ஜியா திடீரென்று படையோடு வந்தபோது இரவோடு இரவாகத் தப்பி ஓட வேண்டியிருந்தது. அரண்மனைச் செல்வங்கள் வண்டி வண்டியாகப் போயின. ஆனால் மலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சான் லியோ கோட்டையைப் போர்ஜியாவின் ஆட்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு மரம் ஏற்றிப் போகிறார்கள். பெரிய உத்தரங்கள் தூக்குப்பாலத்தின் மேல் கிடந்த நேரம் பார்த்து ஊர்க்காரர்கள் பாய்ந்தார்கள். பாலத்தைத் தூக்க முடியவில்லை, கோட்டை விழுந்தது. அந்தச் செய்தி பரவியதும் நாடு முழுக்கப் பழைய டியூக்குக்காக எழுந்தது. கூலிக்குப் போராடி அனுபவப்பட்ட ஒரு மலை, தன் பிரபுவுக்காகக் கூலி இல்லாமல் போராடியது. 1503இல் அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்தார்.

அவர் சீக்கிரமே படுக்கப் போய்விடுவார். அதனால் மாலை வேளைகளில் எல்லாரும் அவர் மனைவி எலிசபெத்தா கொன்சாகாவின் அறையில் கூடிப் பேசுவார்கள். 1507இல் அப்படி நடந்ததாகச் சில இரவுகளின் உரையாடல்களை அந்த அரண்மனையில் இருந்த காஸ்திலியோனே எழுதி 1528இல் வெளியிட்டார். பண்பான மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஐரோப்பா முழுக்க அதுதான் பாடப்புத்தகமானது. ஊர்பினோ அரண்மனையை அரண்மனை வடிவில் ஒரு நகரம் என்று சொன்னவரும் அவர்தான். 1508இல் குயிதோபால்தோ இறந்தார், குடும்பத்தின் ஆண்வழி அதோடு முடிந்தது. சகோதரி மகன் வழியாக தெல்லா ரொவேரே குடும்பத்தின் கைக்குப் போன நாடு, 1631இல் போப்பின் ஆட்சியோடு சேர்ந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போக ஆரம்பித்தது. தூக்கக்கூடியது எதுவும் தங்கவில்லை. ஃபெடெரிகோவும் பத்திஸ்தாவும் எதிரெதிரே பார்க்கிற அந்தப் படம் கடைசி வாரிசான விட்டோரியாவோடு ஃபுளோரன்ஸுக்குப் போனது. நூலகம் 1657இல் வத்திக்கானுக்கு. படிப்பறையின் மேல்பகுதியில் இருந்த 28 பெரியோர் படங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டு போனார்கள், பாதி இன்று பாரிஸில். அவர் கல்லறை இருக்கிற சான் பெர்னார்தீனோ தேவாலயத்தில் பியரோவின் பெரிய பீடப்படம் இருந்தது, கவசத்தோடு அவர் மண்டியிட்டிருப்பார். அது நெப்போலியன் காலத்தில் மிலனுக்குப் போனது. குப்பியோ அரண்மனையில் இதேபோல் இன்னொரு மரப் படிப்பறை இருந்தது, அது அப்படியே கழன்று இப்போது நியூயார்க்கில். சான் பெர்னார்தீனோவில் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபமே வந்தது. உயிரைக் கொடுத்து மலைப்பையன்கள் சம்பாதித்தது, இன்று பெருநகரங்கள் சீட்டுப் போட்டுக் காட்டுகின்றன.

தங்கியவை சுவரோடு ஒட்டியவைதான். ஊர்பினோவின் மரப்பலகைகள், கோட்டைகள், கல்லில் செதுக்கிய எழுத்துகள். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எல்லைக்கோடு. 1463இல் மலத்தெஸ்தாவை வீழ்த்திய போரில் சின்னஞ்சிறு சான் மரீனோ குடியரசு ஃபெடெரிகோவோடும் போப்போடும் சேர்ந்தது. பரிசாக மூன்று ஊர்கள் கிடைத்தன, அதைத் தொடர்ந்து நான்காவது ஊர் தானாக வந்து சேர்ந்தது. அதோடு சரி, சான் மரீனோவின் எல்லை இன்றுவரை மாறவே இல்லை. பெயரும் தங்கிவிட்டது: ஆண்ட குடும்பம் இல்லாமல் போனாலும் மறைமாவட்டம் சான் மரீனோ–மோன்டெஃபெல்ட்ரோதான். சான் லியோ உட்பட ஏழு ஊர்கள் 2006இல் வாக்கெடுப்பு நடத்தி, 2009இல் மார்க்கே மாநிலத்திலிருந்து எமீலியா-ரொமான்யாவுக்கு மாறிக்கொண்டன. என் நண்பர் ஊரும் அதில் ஒன்று. எந்த மாநிலம் என்று கேட்டால் அவர் மோன்டெஃபெல்ட்ரோ என்றுதான் சொல்கிறார்.

ஒரே ஒரு முறை மட்டும் பெருநகரங்களின் ஓவியங்கள் கூட்டமாக இந்த மலைக்கு ஏறி வந்தன. 1939இல் இந்த வட்டாரத்துக் கலைச்செல்வங்களின் பொறுப்பாளராக ஊர்பினோவுக்கு வந்தவர் பஸ்குவாலே ரொத்தோந்தி, முப்பது வயது. போர் மூண்டால் ஓவியங்களை எங்கே ஒளிப்பது என்று அரசு கேட்டது. அவர் தேர்ந்தெடுத்தது சசோகொர்வாரோ ஊரில் பிரான்செஸ்கோ தி ஜியோர்ஜியோ கட்டிய கோட்டை, ஆமை ஓடு மாதிரி உருண்டையாக இருப்பது. மார்க்கேவிலிருந்து, வெனிஸிலிருந்து, மிலனிலிருந்து, ரோமிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. இடம் போதாமல் கார்பேன்யாவில் இருந்த மாளிகையையும் எடுத்துக்கொண்டார். மோன்டெஃபெல்ட்ரோக்கள் பிரிந்துவந்த அந்தத் தாய்க் குடும்பத்தின் மாளிகை அது. மொத்தம் சுமார் பத்தாயிரம் பொருள்கள். 1943 அக்டோபரில் ஜெர்மன் படை கார்பேன்யாவுக்குள் வந்தது. ஒரு பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே ரொஸ்ஸீனியின் இசைக் குறிப்புத் தாள்கள். வெறும் காகிதம் என்று விட்டுவிட்டார்கள். பெட்டிகளின் மேலிருந்த பெயர்ச்சீட்டுகளை ரொத்தோந்தி ஆட்களை வைத்துக் கிழித்தெடுத்தார். காய்ச்சலோடு இருந்தவர் ஒரு சின்ன காரில் சசோகொர்வாரோவுக்குப் போய், மிக அரியவற்றை எடுத்து ஏற்றிக்கொண்டு வந்து, வெனிஸ் ஓவியர் ஜொர்ஜோனேயின் ‘புயல்’ ஓவியத்தைத் தன் படுக்கையறையிலேயே ஒளித்துவைத்தார்.

பத்தாயிரத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை. போர் முடிந்ததும் எல்லாம் அவரவர் ஊருக்குத் திரும்பின. அவரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை, நாற்பது வருடம் போல யாருக்கும் தெரியாமலே இருந்தது.

என் கடைசிப் பயணம் சசோகொர்வாரோவுக்குத்தான். அந்த உருண்டைக் கோட்டைக்குள் சுவரின் கனம் கைவிரித்தால் எட்டாது, உள்ளே பேச்சொலிகூட அமுங்கிவிடுகிறது. அங்கே அடைக்கலம் இருந்த ஓவியங்களின் முழு அளவு நகல்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நான் போன அன்று வேறு யாரும் இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு வந்த பெரியவர், ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் நின்று, இது எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஊருக்குப் போனது என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.